சேகர் அண்ணே மோட்டாரைக் காணோம்!

போன செவ்வாய்க்கிழமை ஒரு பூட்டை வெட்டச் சொன்னார்கள். நான் விடவில்லை. அதனால்தான் இந்த வாரம் நிம்மதியாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

மலேசியாவில் கிள்ளான் பக்கம் ஓர் அரசாங்க மருத்துவமனையில் நான் வேலையிடப் பாதுகாப்பு அதிகாரி. வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். எங்கள் ஊர் பண்டமாரானில் அம்மா இதைச் சொல்லாத வீடு இல்லை. என்ன வேலை என்று கேட்டால் மட்டும், "மெஷினுக்குப் பூட்டு போடுறா" என்பார்.

டிப்ளமா படித்தது இதற்கா? இதற்கும்தான்!

மெஷினை ரிப்பேர் செய்பவர் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டைப் போட வேண்டும். சாவி அவர் பாக்கெட்டில். வேலை முடிந்ததும் அவரேதான் திறக்க வேண்டும். அவர் கை உள்ளே இருக்கும்போது வேறு யாரும் சுவிட்சைப் போட முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

அன்று சலவைக்கூடத்தில் பெரிய டிரையர் ரிப்பேர்; செய்ய வந்தவர் சேகர் அண்ணே. துணி கேட்டு ஆப்பரேஷன் அறையிலிருந்து போன் மேல் போன். போய்ப் பார்த்தால், பொறுப்பாளர் மோகன் அண்ணே கையில் இரும்பு வெட்டும் கட்டர்.

"தங்கச்சி, சேகர் பூட்டைத் தொறக்காமலே வீட்டுக்குப் போயிட்டான். மூடியெல்லாம் மாட்டியாச்சு. வெட்டிடவா?"

"போயிட்டாருன்னு யாரு சொன்னா?"

"அவன் மோட்டாரைக் காணோம் லா!"

நம் ஆட்கள் கணக்கு இது. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் ஆள் இருக்கிறார். இல்லையா... போய்விட்டார். இதற்கு மேல் யாராவது சாட்சி கேட்போமா?

சேகர் அண்ணேவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

"பாத்தியா? ஓட்டிக்கிட்டு இருப்பான். அங்க டாக்டருங்க காத்திருக்காங்க. நீ ரூலைப் புடிச்சிக்கிட்டு நிக்கிற!"

"ஆளைப் பாக்காம வெட்டக்கூடாதுண்ணே. மெஷினைச் சுத்திப் பாத்துட்டு வரேன்."

"சுத்து, சுத்து. கோயில் மாதிரி மூணு சுத்து சுத்து!"

அவர் கிண்டலுக்கு நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. இருந்தாலும் போனேன்.

மற்ற டிரையர்கள் இரைந்துகொண்டிருந்தன. மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் எட்டிப் பார்த்தேன் — இரண்டு பூட்ஸ்! பின்பக்க மூடி கழன்று கிடந்தது. சேகர் அண்ணே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, முழங்கை வரை மெஷின் பெல்ட்டுக்குள் கையை விட்டிருந்தார்.

தோளைத் தட்டினேன். பஞ்சை எடுத்தார்.

"என்னம்மா, ரொட்டி சானாய் வந்திருச்சா?"

வந்தது! சலவைக்கூடத்து ராஜன், சேகர் அண்ணே மோட்டாரில் போய் வாங்கி வந்திருந்தார். "உங்க மோட்டார்ல பிரேக்கே புடிக்கல லா" என்று புகார் வேறு.

மோகன் அண்ணே கட்டரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அப்படியே துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணே, இப்படி வேர்க்குது?" என்றார் சேகர் அண்ணே.

"ஒண்ணுமில்லடா. நீ சாப்பிடு... நிதானமா சாப்பிடு."



சாப்பிட்டுவிட்டு, பெல்ட்டை மாட்டி, சேகர் அண்ணே தன் பூட்டைத் தானே திறந்தார். துணி கொஞ்சம் தாமதமாக மேலே போனது. ஏன் என்று இரண்டு பேர் திட்டினார்கள். திட்டட்டுமே!

சாயங்காலம் அம்மா கேட்டார்: "இன்னிக்கு எத்தனை பூட்டு போட்ட?"

"போடலம்மா. ஒண்ணை வெட்ட விடல."

"அதுக்குமா சம்பளம் குடுக்குறாங்க?"

கொடுக்கிறார்கள். சேகர் அண்ணே இரண்டு கையாலும் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டதை அம்மா பார்க்கவில்லையே!