எங்கள் மலையில் அவதி என்றால் லீவு

எழுபதுகளின் கடைசியில் போடியில் ஒரு பெண்கள் பள்ளியில் படித்தேன். படித்தேன் என்பதைவிட வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்று சொன்னால் சரியாக இருக்கும். அப்பாவும் அம்மாவும் மலைக்கு மேலே, கேரள எல்லைக்குள் ஓர் ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பு வரை அங்கேயே மலையாளப் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார்கள். அப்புறம் பிள்ளைக்குத் தமிழே வராமல் போய்விடுமோ என்று அப்பாவுக்குப் பயம் வந்து, போடியில் வாழ்க்கைப்பட்டிருந்த தன் தங்கை வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

வந்த முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மணி அடிக்கிற நேரத்தில் எழுந்து நின்று, "டீச்சர், நாளைக்கு அவதியா?" என்று கேட்டேன். மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. தோட்டத்தில் தமிழ் பேசுகிற வீடுகளிலும் அந்தச் சொல்தான் புழங்கும். "ஓணத்துக்கு அவதி விட்டுட்டாங்க" என்றுதான் அம்மா சொல்வாள். போடியில் அவதி என்றால் வேதனை, படாத பாடு. டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உன்னைய மாதிரி புள்ளைகளை வச்சுக்கிட்டு எனக்கு தெனமும்தான் அவதி" என்றார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றோடு என் பெயர் போய், அவதி என்பதே என் பெயராகிவிட்டது. "ஏ அவதி, தண்ணி கொண்டா." "அவதி வந்துட்டாடீ, தள்ளி உக்காரு." எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. அவர்கள் சொன்ன லீவு மட்டும் என்ன, அவர்கள் ஊர்ச் சிலமலைக் காட்டிலா விளைந்தது? வெள்ளைக்காரன் சொல்லைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்வார்கள், பக்கத்து மலைச் சொல் என்றால் மட்டும் இளக்காரம்.

அத்தை சிரிக்கவில்லை. அழுதுகொண்டே வந்தவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அவளுக கெடக்காளுக. நம்ம வீட்ல அவதின்னே சொல்லுவோம்" என்றாள். சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை, அப்படியே செய்தாள். சனிக்கிழமை காலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "எந்திரி ஆத்தா, இன்னைக்கு அவதில்ல" என்று எழுப்புவாள். மாமாவும் பழகிக்கொண்டார். ஒருமுறை அத்தை தெருக்குழாயில் நின்று, "இன்னைக்கு எங்க வீட்டுக்காரருக்கு அவதி" என்று சொல்லப்போக, பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போய் மாமாவுக்கு உடம்புக்கு என்ன என்று பார்க்க ஓடி வந்துவிட்டாள். அவர் ஈசிச்சேரில் சாய்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை நாள் சிரித்திருப்போம்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆசையும் பயமும் ஒரே நாள் மேல்தான். முழுப் பரீட்சையின் கடைசி நாள். எழுதி முடித்து வெளியே வந்ததும் பேனாவைத் திறந்து ஒருத்தி மேல் ஒருத்தி மை தெளிப்போம். இப்போதைய பிள்ளைகளுக்கு மை அடைக்கிற பேனாவும் தெரியாது, இந்தக் கூத்தும் தெரியாது. மை படாமல் வீட்டுக்குப் போகிறவளுக்குச் சிநேகிதியே இல்லை என்று அர்த்தம். நான் வருடா வருடம் வெள்ளை வெளேர் என்றுதான் போவேன். அத்தை எதுவும் கேட்காமல் சட்டையை வாங்கி ஊறப்போடுவாள்.

எட்டாம் வகுப்பு முடிகிற அன்றுதான் முதல்முறையாக ஒருத்தி என் முதுகில் மை அடித்தாள். திரும்புவதற்குள் இன்னொருத்தி. நான் பதிலுக்குத் துரத்திக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தபோது தோட்டத்து ஜீப்பு வந்தது. காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு மேலே போய் சாயங்காலம் திரும்புகிற ஜீப்பு. டிரைவர் அண்ணன் போடிப் பக்கத்துக் குரங்கணிக்காரர். மலையேறி இறங்கிப் பாதிப் பேச்சு மலையாளமாகிப் போனவர். அன்றைக்கு ஏதோ லோடு இறக்குகிற அவசரத்தில் வண்டியை நிறுத்தாமலே தலையை நீட்டினார்.

"பாப்பா, ஒங்கம்மாவுக்கு ரொம்ப அவதி. அத்தைகிட்ட வெரசா சொல்லிரு. நாளைக்கு வெள்ளன ஜீப்பு மேல போகுது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சித்திரையில் தோட்டத்தில் வேலை குறைவு. எனக்கும் லீவு, அம்மாவுக்கும் லீவு, அதுவும் ரொம்ப லீவு. போடித் தெருவில் ஒரு பெரிய மனிதர் என் வீட்டுச் சொல்லை என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார் என்ற பெருமை வேறு. ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன்.

"அத்தே, அம்மாவுக்கு ரொம்ப அவதியாம்! நாளைக்கு ஜீப்பு போகுதாம்!"

வேறு யார் வந்து சொல்லியிருந்தாலும் அத்தை அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பியிருப்பாள். சொன்னது நான். உடம்பெல்லாம் மை, வாயெல்லாம் பல். என் வாயில் அவதி என்றால் என்ன என்பது அவளுக்குத் தெரியும். "காலைல போற ஜீப்பு சாயங்காலம் எறங்கிரும். ஒங்காத்தா வந்துருவா" என்று சொல்லிக்கொண்டே, அம்மாவுக்குப் பிடிக்குமே என்று கருவாடு வாங்க மாமாவை அனுப்பினாள்.

மறுநாள் சாயங்காலம் குழம்பை இறக்கி வைத்துவிட்டு இரண்டு பேரும் ஜீப்பு நிற்கிற இடத்தில் போய் நின்றோம். வேலையாட்கள் எல்லாரும் இறங்கினார்கள். அம்மா இல்லை. டிரைவர் அண்ணன் நேராக அத்தையிடம் வந்தார்.

"காலைல ஒங்களுக்காக வண்டியப் போட்டுக்கிட்டு நின்னேனேக்கா. ஏன் வரல?"

"நாங்க எதுக்கு வரணும்? அவ வர்றான்னுல்ல நிக்கிறோம்" என்றாள் அத்தை.

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "மதியமே முடிஞ்சு போச்சுக்கா" என்றார்.

அதே ஜீப்பில் மேலே போனோம். அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு நாலைந்து நாளாகியிருந்ததாம். அத்தை வந்தால் துணைக்கு வைத்துக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று அப்பா காத்திருந்தாராம். விடிந்ததிலிருந்து அம்மா வாசலையே பார்த்துக் கிடந்தாளாம். ஜீப்புச் சத்தம் கேட்டதும், "வந்துட்டாளா?" என்று என்னைத் தேடித்தான் கேட்டாளாம். இதை என்னிடம் யாரும் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

சனம் கூடியிருந்த இடத்தில் அப்பா தங்கையைப் பார்த்துக் கேட்டார். "நேத்தே சொல்லி விட்டேனேத்தா. ஏன் வரல?"

நான் வாயைத் திறந்தேன். அத்தை என் கையை நசுக்கிப் பிடித்தாள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "எனக்குச் சோலி இருந்துச்சுண்ணே" என்றாள்.

தாயைப் பார்க்க விடாமல் செய்தது பிள்ளையின் வாய்தான் என்று ஊர் பேசிவிடக்கூடாது என்று, அந்தப் பேச்சை அவள் தன் தலையில் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அப்பா அத்தை கொடுத்த தண்ணீரைக்கூட வாங்கவில்லை. காரியம் முடிந்து அவள் இறங்கிப் போன அன்றே நடந்ததை நான் அப்பாவிடம் சொன்னேன். பிறகும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "அவ சொல்லிக் குடுத்தாளா?" என்று மட்டும் கேட்பார். கோபித்துக்கொள்ள அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நானாக இருந்திருக்கலாமே.

பள்ளிக்கூடம் திறந்த வாரம் அத்தை ஜீப்பில் ஏறி வந்தாள். ஒன்பதாம் வகுப்பில் தாவணி போட வேண்டும். எனக்கென்று ஒன்று வாங்கிக் கையில் வைத்திருந்தாள். அப்பா கதவைத் திறக்கவில்லை.

"அண்ணே, என்னோட பேச வேண்டாம். புள்ளைய மட்டும் அனுப்புண்ணே. நல்லாப் படிக்கிற புள்ளண்ணே."

நான் உள்ளே நின்று அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப்பு ஹாரன் அடித்துக் கூப்பிடும் வரை அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் தாவணியைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அதைக் கட்டிக்கொண்டுதான் நான் ஏலக்காட்டுக்குக் களை எடுக்கப் போனேன்.