அப்பாவின் தலை பட்ட கண்ணாடி

எங்கள் காரின் முன்கண்ணாடி என் அப்பாவின் தலை பட்டு உடைந்தது. கல் எதுவும் தெறிக்கவில்லை, யாரும் குறுக்கே வரவில்லை. நான் வேண்டுமென்றே பிரேக் போட்டேன். இதை இப்படி நேராகச் சொல்ல எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. அவருக்கு வாய் போதும். மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்கு கேட் கிளார்க் வேலை கிடைத்தபோது, தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "தொர காலேஜ் படிச்சது இன்னாத்துக்குன்னு நெனச்ச? லாரி நம்பர் எழுதுறதுக்கு." எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் என் முகத்தைப் பார்த்தார். பட்டதா என்று பார்ப்பது அவர் வழக்கம். பட்டிருந்தால் அன்றைக்கு இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிடுவார்.

என் மனைவி வியாசர்பாடிக்காரி. வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், குழந்தை இல்லை. முதல் சில வருஷம் அப்பா அவளிடம் வாயை அடக்கித்தான் வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு நடந்து நடந்து, இனி வேண்டாம் என்று நாங்கள் இருவரும் நிறுத்திக்கொண்ட பிறகு அந்தக் கட்டுப்பாடும் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் உறவுக்காரர் வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களின் மடியில் குழந்தை மாறி மாறி வந்தது. என் மனைவிக்கு முந்தின மடி வரைக்கும் வந்தது. பிறகு ஒரு அத்தை எட்டி வாங்கி, இவளைத் தாண்டி அடுத்த மடியில் வைத்தாள். இவள் நீட்டிய கையால் பாயில் ஒட்டியிருந்த பூவை எடுத்துப் போட்டாள். நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார்.

சாயங்காலம் நான்கு மணி போல எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். கார் இருபது வருஷத்துக்கு மேல் பழையது, நாலு பேர் நெருக்கி உட்காரும் சின்ன வண்டி. முன்னால் என் பக்கத்தில் அப்பா, அவருக்கு நேர் பின்னால் மனைவி. அப்பா பெல்ட் போடமாட்டார். "முப்பது வருசம் கிரேன் மேல நின்னவன், எனக்கு வாரு கட்டுறியா?" என்பார். ஞாயிறு என்பதால் டிரெய்லர் லாரிகள் அதிகம் இல்லை. மேற்கு வெயிலில் கண் கூசியது.

காசிமேடு நெருங்கும்போது அப்பா கையைப் பின்னால் விட்டு, தலையைத் திருப்பாமல், பின் சீட்டைத் தட்டினார்.

"இன்னாத்துக்குடா நாலு பேரு போற வண்டி வாங்கின? பின்னாடி வெறும் காத்து தான் வந்துகினு கீது."

அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவர் தட்டிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி. மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அப்பா என் முகத்தைப் பார்த்தார். பட்டதா என்று.

சாலை காலியாக இருந்தது. பின்னால் வண்டி இல்லை என்று பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். அப்பா பெல்ட் போடவில்லை என்பதும் ஞாபகம் இருந்தது. என்னை மறந்து செய்தேன் என்று சொல்ல வழியே இல்லை. பிரேக்கில் காலை முழுதாக இறக்கினேன்.

பலகையில் ஈரத்துணியை ஓங்கி அறைந்த மாதிரி ஒரு சத்தம். கண்ணாடி சிதறவில்லை. அப்பாவின் எதிரே வெளிப்பக்கமாகப் புடைத்து, சிலந்தி வலை மாதிரி விரிந்து நின்றது. அவர் சீட்டில் திரும்ப விழுந்தார். நெற்றிக்கு மேலிருந்து ரத்தம் புருவத்தில் இறங்கியது. எனக்கு முதலில் பயம் வரவில்லை. நிம்மதி வந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ராயபுரத்தில் ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டார்.

"நாய் குறுக்க வந்துச்சு சார்" என்றேன்.

கண்ணை மூடிப் படுத்திருந்த அப்பா வாயைத் திறந்தார். "கருப்பு நாயி" என்றார்.

அன்றிலிருந்து அந்த நாய் எங்கள் வீட்டில் வளர ஆரம்பித்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா கதை சொன்னார். "கருப்பு நாயி, ஒரு காது மடிஞ்சி கீது. என் புள்ளைக்கு ரொம்ப நல்ல மனசு. நாயக் காப்பாத்தறதுக்கு அப்பனத் தூக்கிக் கண்ணாடில அடிச்சிட்டான்." வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் தலையில் போட்டிருந்த கட்டுக்கு அடியிலிருந்து என் முகத்தைப் பார்ப்பார். அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை குற்றமாகச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேனோ என்னவோ. அவர் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்துக் கண்ணாடி மாற்றப் போனேன். ராயபுரத்தில் ஒரு சந்தில், பழைய வண்டிகளுக்குக் கண்ணாடி போடும் ஒரு பாய் கடை. அப்பா தானும் வருவேன் என்று பிடிவாதமாக ஏறிக்கொண்டார். இந்த முறை பின் சீட்டில்.

பாய்க்கு அறுபது வயசு இருக்கும். முன்கை முழுக்கக் கீறல் தழும்புகள். கண்ணாடியை உள்ளிருந்து ஒரு தடவை, வெளியிலிருந்து ஒரு தடவை உள்ளங்கையால் தடவினார்.

"உள்ளருந்து பட்ட அடி" என்றார். "யாரு தல?"

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கட்டைத் தொட்டுக் காட்டினார். "நம்மளுதுதான் பாய். நாயி வந்துட்ச்சி. கருப்பு நாயி."

அன்றைக்கு பாயின் ஆள் லீவு. கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருந்த ரப்பர் பீடிங்கைப் பிளேடால் அறுத்துவிட்டு என்னையே உதவிக்குக் கூப்பிட்டார். முன் சீட்டுகளைச் சாய்த்து நான் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, இரண்டு காலாலும் கண்ணாடியை உள்ளிருந்து தள்ள வேண்டும். அவர் வெளியே நின்று வாங்கிக்கொள்வார்.

"குழியா கீற எடத்துல கால வைக்காத தம்பி. ஓரமா வை."

படுத்தேன். உடைந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா துண்டு துண்டாகத் தெரிந்தார். ஒரு துண்டில் கட்டு, ஒரு துண்டில் வாய், ஒரு துண்டில் டீ கிளாஸ். வாய் அசைந்தது.

"நல்லா வச்சி உதை. இப்ப எதிர்ல யாரும் இல்ல."

உதைத்தேன். தேவைக்கு மேலேயே உதைத்தேன். கண்ணாடி ஒரு மூலையில் பிதுங்கி, பிறகு மொத்தமாக பாயின் கையில் போய் விழுந்தது. அவர் தடுமாறி, "மெதுவாப்பா, கை போய்டும்" என்று கத்தினார்.

புதுக் கண்ணாடிக்குப் புது ரப்பர் மாட்டி, ரப்பரின் பள்ளத்துக்குள் சுற்றிலும் ஒரு கயிற்றைச் செருகினார். சோப்புத் தண்ணீர் தடவினார். நான் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்திப் பிடிக்க, அவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். இழுக்க இழுக்க ரப்பரின் உதடு வண்டியின் தகர விளிம்பைத் தாண்டி உள்ளே ஏறி உட்கார்ந்தது. அப்பா அதற்குள் அடுத்த கடைக்காரரிடம் நாய்க் கதையைச் சொல்லப் போயிருந்தார்.

"தம்பி," என்றார் பாய், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாயி வந்தா பக்கத்துல கீறவருக்கும் தெரியும். கைய முன்னாடி ஊணுவாரு. கைதான் மொதல்ல உடையும், இல்ல செராய்க்கும். ஒங்கப்பா கைல ஒரு கீறல் இல்ல. அவுரு ரோட்டப் பாக்கல. உன்னப் பாத்துகினு இருந்திருக்காரு."

நான் கண்ணாடியை அழுத்திக்கொண்டே நின்றேன்.

"எனக்கு இன்னா வந்துச்சி. கண்ணாடி மாத்துறது என் வேல" என்று அவரே முடித்துக்கொண்டார்.

வேலை முடிந்ததும், சுவரில் சாத்தியிருந்த பழைய கண்ணாடியின் பிளவிலிருந்து நாலைந்து நரைமுடியை நகத்தால் பிடுங்கி, பேப்பரில் மடித்துக் கொடுத்தார். பெரியவர் முடி, கால்ல மிதிபட வேணாம் என்றார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் கை கழுவப் போனதும் சாக்கடையில் போட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் எழுத எதுவும் இருந்திருக்காது.

இரண்டு மாதம் கழித்து அப்பாவுக்கு இடது கால் இழுக்க ஆரம்பித்தது. வாசல் நிலையில் தோள் இடித்துக்கொண்டார். தலைவலி என்று வெயிலில் கூடத் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயசு என்று நினைத்தோம். ஒரு நாள் காலையில் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, இதை என்ன செய்வது என்பது போல என்னைப் பார்த்தார். பட்டதா என்று பார்க்கும் பார்வை இல்லை. உதவி கேட்கும் பார்வை. அதை நான் அதற்கு முன் அவரிடம் கண்டதில்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த பெண் டாக்டர், மண்டைக்குள் ரத்தம் கசிந்து தேங்கியிருக்கிறது, பெரியவர்களுக்கு இப்படி மெதுவாக நடக்கும் என்றார்.

"சமீபத்துல தலையில அடி பட்டுச்சா?"

நான் வாயைத் திறந்தேன். கருப்பு நாய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மடிந்த காது கூட வந்துவிட்டது. சொல்வதற்குள் என் மனைவி சொன்னாள்.

"கார் கண்ணாடில இடிச்சிகினாரு டாக்டர். இவுரு வேணும்னே பிரேக்கு போட்டாரு. ரெண்டு மாசம் ஆவுது."

டாக்டர் என்னைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். கடைசியில் ஏதோ எழுதினார். போலீஸ் யாரும் வரவில்லை. அன்று மத்தியானமே மண்டையில் துளை போட்டு ரத்தத்தை எடுத்தார்கள்.

ஆபரேஷன் நடக்கும்போது வெளியே படிக்கட்டில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னேன்.

"உனக்காகத்தான் போட்டேன். அன்னிக்கி அவரு உன்ன அப்படி சொன்னாரு."

அவள் கீழுதட்டை விரலால் இழுத்துக் காட்டினாள். முன்பல் ஒன்று கருத்துப் போயிருந்தது.

"நானும் அந்த வண்டிலதான் இருந்தேன். ஒங்கப்பன் சீட்டுல வாய் மோதி பல்லு ஆடிச்சி. நீ எறங்குன, அவரத் தூக்குன, டாக்டர்கிட்ட போன. அன்னிக்கிலேர்ந்து ரெண்டு மாசம் எதிர்ல உக்காந்து சோறு துன்ற. ஒரு நாளு என் மூஞ்சியப் பாத்தியா? நான் ஒரு பக்கமா மென்னுகினு இருந்தது தெரியுமா ஒனக்கு?"

எனக்குத் தெரியாது.

"எனக்காகன்னு மட்டும் வெளிய யார்கிட்டயும் சொல்லிகினு திரியாத. அவருக்கும் ஒனக்கும் நடுவுல நான் இல்ல."

அப்பா பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தவர் வேறு ஆள். வாய் போய்விட்டது. பேச்சு இருந்தது, அதில் முள் இல்லை. வாழைப்பழம் கொடுத்தால் பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டுவார். கொசுவலைக்குள் உட்கார்ந்துகொண்டு கிரேன் லிவரை இழுப்பது போலக் கையை அசைப்பார். உறவுக்காரர்கள் வந்து, "எவ்ளோ நல்ல மனுசனா ஆயிட்டாரு பாரு" என்றார்கள். என்னைப் படுத்திய ஆளை நான் எங்கோ துரத்திவிட்டு, அவருக்குப் பதிலாக யாரோ ஒரு அப்பாவிக் கிழவரை அடித்துக் கொண்டுவந்து வீட்டில் போட்டது மாதிரி இருந்தது. பழைய ஆள் ஒரு நாள் திரும்பி வந்து தெரு கேட்க என்னைத் திட்டமாட்டாரா என்று காத்திருந்த நாட்கள் உண்டு. வரவில்லை. அடுத்த வருஷம் மழைக்காலத்தில், மத்தியானத் தூக்கத்தில் போய்விட்டார். மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தோம்.

மனைவி அந்தப் பல்லைப் பிடுங்கத் தனியாகத்தான் போனாள். நான் கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். வாயில் பஞ்சோடு திரும்பி வந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். பேச முடியாமலா, பேச விருப்பமில்லாமலா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சண்டை எதுவும் இல்லை. சம்பளம், சமையல், கரண்ட் பில் எல்லாம் பேசிக்கொள்கிறோம். பாய் போட்ட கண்ணாடி மழைக்கு ஒரு சொட்டு ஒழுகியதில்லை. காலையில் நான் வண்டியை எடுக்கும்போது, வண்ணாரப்பேட்டையில் இறக்கிவிடட்டுமா என்று பல தடவை கேட்டிருக்கிறேன்.

"வேணாம். மெட்ரோவே சவுரியமா கீது" என்பாள்.