உப்புப் பார்க்காத கறி

நடந்தவை:

1. ஒரு சனிக்கிழமை பின்னேரம், கனடாவின் அஜின்கோர்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்ட் கதவை இரண்டு இளம்பெண்கள் தட்டினார்கள். மோர்மன் சமயத்தைப் பரப்ப வந்தவர்கள். சப்பாத்தெல்லாம் பனியாக இருந்ததால் அம்மா உள்ளே கூப்பிட்டார்.

2. அம்மா தேத்தண்ணி கொடுத்தார். அது தங்களுக்கு விலக்கு, தண்ணீர் போதும் என்றார்கள்.

3. சுவரில் அப்பாவின் படத்தைக் கண்டார்கள். அவர் இறந்துவிட்டார் என்றதும், அம்மாவும் அவரும் என்றென்றைக்கும் சேர்ந்திருக்க வழி உண்டு என்றார்கள். நான் மொழிபெயர்த்தேன்.

4. அம்மா ஒரு கேள்வி கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

நான் கொம்பியூட்டர் மென்பொருளைச் சோதிப்பவள். மற்றவர்கள் எழுதியது எந்த இடத்தில் உடையும் என்று தேடி, இலக்கமிட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. ஆகவே அந்தப் பெண்கள் தங்கள் நம்பிக்கையை விளக்கியபோது என் மனம் தன்பாட்டில் இலக்கமிடத் தொடங்கியது. பிறப்பதற்கு முன்பே நாம் ஆவிகளாக இருந்தோமாம். இறந்தபின் போகும் ஆவியுலகத்திலும் போதனை நடக்குமாம். உயிரோடிருக்கும் ஒருவர், இறந்தவருக்குப் பதிலாகத் தண்ணீரில் மூழ்கி அவர் பெயரில் ஞானஸ்நானம் பெறலாம். கணவனையும் மனைவியையும் சாவுக்குப் பிறகும் பிரியாதபடி இணைத்துவைக்கலாம். அதற்கு 'சீலிங்' என்று பெயர். ஒருவர் ஏற்கனவே இறந்திருந்தாலும் பாதகமில்லை.

இறந்தவர் சம்மதித்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். உயரமான பெண் நிதானமாக, விரும்பினால் அவர் ஏற்கலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம் என்றாள். மறுத்தவர்களின் சத்தம் இந்த உலகத்தில் யாருக்காவது கேட்டிருக்கிறதா என்றேன். அவள் சிரித்தாள். நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

"என்ன பிள்ளை, அதுகளோட சண்டை பிடிக்கிறியோ?" என்றார் அம்மா.

"சண்டையில்லை அம்மா, சும்மா கேள்வி கேக்கிறன்."

"இந்தக் குளிருக்குள்ள நடந்து வந்ததுகள். தேத்தண்ணியும் குடிக்கக் கூடாதெண்டால் பின்னை என்னத்துக்கு உந்தச் சமயம்?"

இதையும் நான் மொழிபெயர்க்கவில்லைத்தான். ஆனால் நாலாவதில் நான் சொன்ன கேள்வி இதுவல்ல.

உயரமானவள் அம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். தன் தாயும் தகப்பனும் அப்படி இணைக்கப்பட்டவர்கள் என்றும், உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் அது கிடைக்க வேண்டும் என்றும் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. அதை நான் ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பிஸ்கட் தட்டை நேராக்கி வைத்தார்.

"எனக்கு வேண்டாமெண்டால் விடுவினமோ எண்டு கேள்."

பெண்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அம்மா நன்றி சொல்கிறார், யோசித்துச் சொல்வாராம்" என்றேன் ஆங்கிலத்தில். உயரமானவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் எலிவேட்டரில் ஏறிப் போன பிறகு, ஆறிப்போன தேத்தண்ணியை சிங்கில் ஊற்றியபடி அம்மா சொன்னார்: "நான் நன்றி ஒண்டும் சொல்லேல்லையே, பிள்ளை." அம்மா இந்த நாட்டில் பாண் சுடும் ஒரு பேக்டரியில் வேலை செய்து ஓய்ந்தவர். 'தாங்க் யூ' அவருக்கு விளங்காதென்று நான் எப்படி நினைத்தேன்?

யாழ்ப்பாணத்து வீட்டில் எங்களிடம் இருந்தவை சில்வர் தட்டுகள். கறிக்கு உப்புக் குறைந்த நாட்களில் அப்பாவின் தட்டு சுவரில் பட்டுச் சிமெந்து நிலத்தில் சுழலும். பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். "கை தவறி விழுந்திட்டுது" என்பார் அம்மா. கனடாவுக்கு வந்த முதல் கிழமையே அம்மா பிளாஸ்டிக் தட்டுகள் வாங்கினார். மலிவு என்று வாங்கினார் என நினைத்தேன். பிளாஸ்டிக் விழுந்தால் அவ்வளவு சத்தம் வராது. இங்கே சுவர்கள் மெல்லியவை. அங்கே வேலி இருந்தது, இங்கே சுவர் இருக்கிறது. ஊருக்குக் கேட்கக் கூடாது என்பது மட்டும் எங்களோடு விமானத்தில் வந்தது. அப்பாவின் செத்தவீட்டில் எல்லோரும் 'நல்ல மனிசன்' என்றார்கள். அழுதுகொண்டே நானும் ஓம் என்றேன். எனக்கு அவர் நல்லவர்தான். பனியில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தவர்.

அவருடைய திவசத்துக்கு ஒவ்வொரு வருடமும் அம்மா கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு வைப்பார். அப்பாவுக்குப் பிடித்த கறி. படைப்பதை முதலில் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே உப்புப் பார்க்க முடியாது. அம்மா உப்பைக் கையில் எடுப்பார், கொஞ்சத்தைத் திரும்பப் போத்தலில் போடுவார், பிறகு மறுபடி எடுப்பார். படைத்து முடிந்து நாங்கள் முதல் வாய் வைக்கும்போதே, "உப்புக் காணுமோ, போதுமோ?" என்பார். சமைத்தவர்கள் எல்லோரும் கேட்பதுதானே என்று நான் தட்டைப் பார்த்தபடி தலையாட்டுவேன்.

அந்தப் பெண்கள் போன பிறகு அவர்களுடைய போதனையைத் தேடி வாசித்தேன். அந்த உலகத்திலும் எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்றுதான் அதில் இருக்கிறது. அம்மாவின் கேள்விக்கு உயரமானவள் அநேகமாக 'ஓம், விடுவோம்' என்றுதான் சொல்லியிருப்பாள். அதற்காக அந்த நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. குடும்பம் முடிவில்லாமல் தொடர்வது எல்லோருக்கும் நல்ல செய்தி என்று தீர்மானித்துவிட்டுத்தான் அவர்கள் கதவைத் தட்டுகிறார்கள். கதவுக்குள் எப்படிப்பட்ட குடும்பம் இருந்தது என்று கேட்பதில்லை. ஆனால் இறந்தவர் மறுத்தால் யாருக்குக் கேட்கும் என்று வாதாடிய நான், உயிரோடு பக்கத்தில் இருந்தவர் மறுத்ததை அறையில் யாருக்கும் கேட்காமல் செய்தேன். வெள்ளைக்காரப் பிள்ளைகள் முன்னால் அப்பாவின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதைத் தவிர அந்த நேரத்தில் எனக்கு வேறு நினைப்பு இருக்கவில்லை.

நேற்று அந்தப் பெண்கள் திரும்ப வரலாமா என்று கேட்டுச் செய்தி அனுப்பியிருந்தார்கள். அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு அவர் கேட்டதை நான் அவர்களிடம் சரியாகச் சொல்லவில்லை என்றும் சொன்னேன். அம்மா என்னைப் பார்க்காமல் வெங்காயம் உரித்தார்.

"வரட்டும். இந்த முறை நானே கதைக்கிறன். நீ தண்ணி எடுத்துக் குடு."

அவர்கள் வரும் சனிக்கிழமை வருகிறார்கள். அதற்கு அடுத்த கிழமை அப்பாவின் திவசம். குழம்பு வழக்கம்போல உப்புப் பார்க்காமல் வைக்கப்படும். அவர்களுடைய மேலுலகத்திலும் எங்களுடையதிலும் அம்மாவுக்கு அப்பாவின் பக்கத்தில்தான் இடம் போட்டிருக்கிறது. அம்மா இன்னும் எதற்கும் ஓம் சொல்லவில்லை.