ஒரு வாசல், ஒரு குசினி, ஒரு மேசை

விடுமுறைக்கு வீடு வாடகைக்கு எடுக்கிற ஆக்கள் என்ன கேப்பினம்? எத்தனை பாத்ரூம், நீச்சல்குளம் இருக்கோ, கடல் எவ்வளவு தூரம் எண்டு கேப்பினம். லண்டன் ஹவுன்ஸ்லோ சுவர்ணா கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்கு எத்தனை வாசல்?"

ஸ்பெயினின்ர மயோர்க்காத் தீவில இருந்து வீட்டுக்காரி இசபெல் பதில் எழுதினா. முன்வாசல் ஒண்டுதான். சமைக்கிற குசினிக்குப் பின்னால ஒரு கதவு இருக்கு, அது இறுகிப்போய்த் திறபடுறேல்லை, நீங்கள் வாறதுக்குள்ள திருத்திவிடுறன் எண்டு. சுவர்ணா உடனே திருப்பி எழுதினா: "தயவுசெய்து திருத்தவேண்டாம். அப்படியே இருக்கட்டும்." பாவம் இசபெல், இந்த மனிசிக்கு என்ன விசரோ எண்டு யோசிச்சிருப்பா.

விசரும் இல்லை, ஒண்டும் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, சுவர்ணாவைப் போல தெளிவான ஆளை ஹவுன்ஸ்லோ முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. ஐம்பத்தெட்டு வயசு. ஹீத்ரோ எயார்போட்டில, பெட்டி தொலைச்ச ஆக்கள் வந்து கத்துற கவுண்டரில இருபத்திரண்டு வருசமா நிக்கிறா. கத்துற ஆளோட அவ நியாயம் கதைக்கவே மாட்டா. "உங்கட பெட்டி என்ன நிறம்?" எண்டு கேப்பா. நிறத்தை யோசிக்க வெளிக்கிட்ட ஆளுக்குப் பாதிக் கோவம் போயிடும். "பூட்டுப் போட்டனீங்களோ? கைபிடியில ஏதும் கட்டியிருந்ததோ?" மூண்டாவது கேள்விக்கு அந்த ஆள் தானாக் கதிரையில இருந்திடும். புதுசா வேலைக்கு வாற பிள்ளையள் வாயைப் பிளந்துகொண்டு பாக்குங்கள்.

இப்பிடி உலகத்தாரின்ர கோவத்தை எல்லாம் ஆத்தினவவுக்கு, தன்ர கூடப்பிறந்ததுகள் ரெண்டையும் ஒண்டு சேர்க்க ஒன்பது வருசமா ஏலாமக் கிடந்தது.

மூத்தவர் ஸ்ரீஸ்கந்தராஜா லண்டனிலயே, மோர்டனில. இளையவன் தேவராசா நூறு மைல் தள்ளி, லெஸ்ரரில. நடுவில பிறந்தவ சுவர்ணா. தாயின்ர செத்தவீட்டண்டு கிரிமட்டோரியத்தில அவையளுக்குக் கிடைச்சது நாற்பது நிமிசம். தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் எண்டது எங்கட முறை. கொள்ளிக்குப் பதிலா, பெட்டியை நெருப்புக்கு அனுப்புற பட்டனைத் தேவராசாதான் அமத்தவேணும். ஆனால் மோட்டர்வேயில ஒரு லொறி பிரண்டு, அவன் நடுவழியில நிக்கிறான். நேரம் முடிஞ்சுது. மூத்தவர் பட்டனை அமத்திப்போட்டார். இருபது நிமிசம் பிந்தித் தம்பி ஓடி வரேக்க, உள்ளுக்கு வேற ஆரோவின்ர சவம்.

"என்ர தாயை எனக்கில்லாமப் பண்ணிப்போட்டாய்! இனி உன்ர வாசல்படி மிதிச்சனெண்டால் என்னைச் செருப்பாலை அடி!" எண்டு சனத்துக்கு முன்னால தேவராசா கத்தினான். மூத்தவர் வாயே திறக்கேல்லை. பேந்து அவருக்கும் வீம்பு பிடிச்சுது. "அவன் ஒரு வாசலால வந்தால் நான் மற்ற வாசலால போறன்" எண்டு நிண்டார். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் எண்டமாதிரி, சொந்தக்காரர் ரெண்டு பக்கமும் போய் ரெண்டு விதமாக் கதைச்சுப்போட்டு வந்தினம்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஆனி மாசமும் ஒரு தாய்க்கு ரெண்டு திவசம். மத்தியானம் மோர்டனில படையல், பின்னேரம் லெஸ்ரரில படையல். சுவர்ணா ரெண்டு இடத்திலயும் போய்ச் சாப்பிடுவா. "செத்தும் அம்மாவை மோட்டர்வேயில ஓடவிடுறாங்களே" எண்டு காருக்குள்ள இருந்து அழுவா. அவவுக்கு வேண்டியிருந்தது ஒண்டே ஒண்டு: அம்மாவுக்கு ஒரு படையல், ரெண்டு பேரும் ஒரு பந்தியில.

தன்ர வீட்டுக்குக் கூப்பிட்டுப் பாத்தா. ஒருத்தர் வர மற்றவர் வெளிக்கிட்டிடுவார். ஹவுன்ஸ்லோவில பஸ்ஸும் ரெயினும் நெடுக ஓடிக்கொண்டிருந்தால் ஆரைப் பிடிச்சு வைக்கிறது? அப்பதான் அவவுக்கு யோசினை வந்தது. வெளிக்கிட்டுப் போக ஏலாத ஒரு வீடு வேணும். அது அண்ணையின்ர வாசலாயும் இருக்கக்கூடாது, தம்பியின்ர வாசலாயும் இருக்கக்கூடாது.

மகள் விதுஷா லப்டொப்பில வடிவு வடிவான வீடுகளாக் காட்டினாள். ஒண்டில ரெண்டு குசினி. "வேண்டாம்." இன்னொண்டில தோட்டத்துக்குள்ள தனியா ஒரு குட்டி வீடு. "ஐயோ, வேண்டவே வேண்டாம்!"

"அம்மா, இதுக்குத்தானே எல்லாரும் அடிபடுகினம்!"

"அடிபடட்டும். நீ அங்கால தள்ளு."

கடைசியில சுவர்ணா படங்களை விட்டிட்டு, முந்திப் போய் வந்த ஆக்கள் திட்டி எழுதினதுகளை வாசிக்கத் தொடங்கினா. கடலில இருந்து மூண்டு மைல் மேட்டில ஒரு பழைய கல்வீடு. பஸ் வராது எண்டு ஒருத்தர் புறுபுறுத்திருந்தார். நல்லது. போனுக்குச் சிக்னல் எடுக்காது எண்டு இன்னொருத்தர். அதைவிட நல்லது. சாப்பாட்டு மேசை ஒரே கல்லில செய்தது, அசைக்க ஏலாது, விரும்பியோ விரும்பாமலோ எல்லாரும் அதிலதான் இருக்கவேணும் எண்டு ஒரு குடும்பம் எழுதியிருந்தது. சுவர்ணா எழும்பி நிண்டு, "இதுதானடி என்ர வீடு!" எண்டா.

சொந்தக்காரர் சும்மா இருப்பினமோ? எங்கட சனத்துக்கு ஹொலிடே எண்டால் ரொறன்ரோவில சித்தி வீடு, பாரிஸில மச்சாள் வீடு. "அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்? ஏன் போறாய்?" எண்டு கேட்டினம். "ஒருத்தரும் இல்லாதபடியால்தான் போறன்" எண்டு சொல்லிப்போட்டு அவ தன்ர வேலையைப் பாத்தா.

ரெண்டு பேரிட்டயும் அவ பொய் சொல்லேல்லை. அதுதான் அவவின்ர பெருமை.

"அவன் வாறானோ?" எண்டார் மூத்தவர் போனில.

"ஓம், வாறான். புதன்கிழமை அம்மாவின்ர திவசம், அங்கதான்."

"அப்ப நான் வரேல்லை."

"அண்ணை, உனக்கு மேல் அறையோ, கீழ் அறையோ?"

"என்ன?"

"உன்ர முழங்காலுக்குப் படி ஏற ஏலுமோ எண்டு கேக்கிறன். யன்னல் கடல் பக்கம் இருக்கவேணுமோ?"

"...கீழ் அறை" எண்டார் அவர்.

தம்பியும் துள்ளினான். "அவன் எடுத்த வீட்டுக்கு நான் வாறதோ?" எண்டான். "ஒப்பந்தம் என்ர பேரில. ஏழு நாளைக்கு அது என்ர வாசல். என்ர வாசலை மிதிக்கமாட்டன் எண்டு நீ எப்ப சத்தியம் பண்ணினாய், சொல்லு பாப்பம்?" எண்டா சுவர்ணா. மேல் அறை அவனுக்கு.

சுவர்ணாவின்ர மனிசன் பஸ் ஓடுறவர், அவருக்கு லீவு கிடைக்கேல்லை. விதுஷாவுக்குச் சோதினை எழுதவேணும். சனிக்கிழமை சுவர்ணாவும் அண்ணை, தம்பி எண்டு ரெண்டு சோடியும் போய் இறங்கிச்சினம். மொத்தமான கல்லுச்சுவர், பச்சை யன்னல், உள்ளுக்குள்ள நல்ல குளிர்மை. இசபெல் ஒரு கூடை நிறையப் பழம் வைச்சுத் வாசல் கதவுத் திறப்பைக் குடுத்தா. அண்ணியும் தம்பியின்ர மனிசியும் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சிச்சினம். அதுகள் ரெண்டும் ஒன்பது வருசமாக் களவா வாட்ஸ்அப்பில கதைச்சதுகள். ஆம்பிளையள் ரெண்டு பேரும் மேசையின்ர ரெண்டு அந்தத்தில இருந்து, ஒரே குழம்பை ஊத்திச் சாப்பிட்டினம். உப்பு வேணுமெண்டாலும் மனிசிமாருக்குள்ளாலதான் போச்சுது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூண்டு நாளும் இதே கூத்து. சுவர்ணாவுக்கு ஒரே யோசினை. இவ்வளவு செய்தும் சரிவராட்டி இனி என்னத்தைச் செய்யிறது?

புதன்கிழமை காலமை அவ வெள்ளண எழும்பிச் சமைச்சா. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, உழுந்து வடை. ஈரத்துணியில சுத்தி ஹவுன்ஸ்லோவில இருந்து கொண்டுவந்த வாழையிலையைக் கல்மேசையில விரிச்சு, தாயின்ர படத்தையும் வைச்சா. திரும்பிப் பாத்தால், மூத்தவர் முழுகி, வேட்டி கட்டி, கையில தாயின்ர படத்தோட நிக்கிறார். படியால இறங்கி வாறான் தம்பி, அவனும் வேட்டி, அவன்ர கையிலயும் ஒரு படம். ரெண்டையும் கொண்டுவந்து வைக்க, மேசையில மூண்டு அம்மா! மனிசிமார் ரெண்டும் சீலைத் தலைப்பால வாயைப் பொத்திச்சினம்.

"இலை ஒண்டுதான் கொண்டுவந்தனான்" எண்டா சுவர்ணா. "ஆர் செய்யிறதெண்டு நீங்களே முடிவெடுங்கோ. இல்லாட்டி நான் செய்யிறன்."

மூத்தவர் தட்டத்தை எடுத்துக் கற்பூரத்தைக் கொளுத்தினார். தம்பிக்கு முன்னால நீட்டினார். "தாய்க்கு நீதான்."

தேவராசா வாங்கேல்லை. "அண்டைக்கு இருபது நிமிசம் நிண்டிருக்கலாம்" எண்டான்.

"இன்னும் கொஞ்ச நேரம் தரச்சொல்லிக் கேக்கத்தான் போனனான்." மூத்தவர் தட்டத்தை நீட்டினபடியே நிண்டார். "அந்தக் கோட்டுப் போட்ட மனிசன் மணிக்கூட்டைக் காட்டி என்னவோ கேட்டான். முப்பது வருசம் லண்டனில வேலை செய்தனான். அந்த நேரம் ஒரு இங்கிலீஷ் சொல்லும் வாயில வரேல்லை. யெஸ் எண்டு சொல்லிப்போட்டன், உடன அவன் பட்டனைக் காட்டினான்."

சுவர்ணா குறுக்கிட்டா. "என்னைக் கூப்பிட்டிருக்கலாமே அண்ணை! நாலடி தள்ளித்தானே நிண்டனான்?"

"நீ அழுதுகொண்டு நிண்டாய். பேந்து சொல்ல வெக்கமாக் கிடந்தது."

கற்பூரம் எரிஞ்சுகொண்டே இருந்தது. தேவராசா தட்டத்தை வாங்கினான். "இதைச் சொல்ல ஒன்பது வருசமோ அண்ணை?" எண்டு கேட்டான். மூண்டு படத்துக்கும் சேர்த்துச் சுத்திக் காட்டினான். பேந்து அவனே அகப்பையை எடுத்து எல்லாருக்கும் பரிமாறினான், முதல் மூத்தவருக்கு. அவர் தலை நிமிராமச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிச்சு, "தம்பி, இன்னும் கொஞ்சம் போடு" எண்டார். அவன் போட்டான். தனக்கும் போட்டுக்கொண்டு பக்கத்தில இருந்தான்.

சட்டியில சோறு முடிஞ்சுபோச்சு. "அக்கா, சோறு காணாது!" எண்டு தம்பி கூப்பிட, சுவர்ணா எழும்பிக் குசினிக்குள்ள போனா. ரெண்டாம்தரம் உலை வைச்சு அரிசி களையேக்கதான் அவவுக்கு அழுகை வந்தது. நல்லா அழுதா. அழுதுகொண்டே ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டா.