அப்பாவின் நம்பரில் இரண்டு பெண்கள்

எங்கள் ஊர் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நான் எழுதிய முதல் மென்பொருள், நாமக்கல்லில் ஒரு திருமணத் தகவல் மையத்துக்கானது. ஒவ்வொரு பதிவையும் தனியாக அடையாளம் காண ஒரு சாவி வேண்டும். செல்போன் எண்ணையே சாவியாக வைத்தேன். ஆளுக்கு ஒரு எண், இதில் என்ன கோளாறு வந்துவிடும் என்று அப்போது எனக்குத் தலைக்கனம்.

எங்கள் பக்கத்தில் யாரும் மையத்தில் பெண்ணின் எண்ணைக் கொடுக்கமாட்டார்கள். எத்தனை பெண்கள் இருந்தாலும் அப்பாவின் எண்தான். இந்த ஊரிலேயே வளர்ந்த எனக்கு அது எப்படி மறந்ததோ!

திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் பள்ளி ஆசிரியையான மூத்த மகளைப் பதிந்திருந்தார். பல மாதம் கழித்து ஒரு நல்ல வரன் வந்தது. ஆத்தூரில் அரிசி ஆலை வைத்திருப்பவர். இணையத்தில் மூத்தவளின் பக்கத்தைப் பார்த்ததும் பிடித்துவிட்டது, ஞாயிறன்று பெண் பார்க்க வருகிறோம் என்றார். அந்தச் சந்தோஷத்தில் அப்பா இளையவளையும் அதே எண்ணில் பதியச் சொன்னார். எண் ஏற்கெனவே இருந்ததால் என் மென்பொருள் மூத்தவளின் திருத்தப் படிவத்தைத் திறந்து காட்டியது. மையத்தில் பதிவு பார்க்கும் அக்கா, பெயர், நட்சத்திரம், படம் எல்லாவற்றையும் மாற்றிச் சேமித்துவிட்டார். மூத்தவள் காலி.

மறுநாள் ஆத்தூருக்கும் அப்பாவுக்கும் பொருத்தம் பார்க்க மையத்திலிருந்து போனது இளையவளின் ஜாதகம்.

"ஏனுங்க, அவங்களுக்குச் சின்னவளத்தான் புடிச்சிருக்குதுங்களா? பெரியவ மூஞ்சியப் பாக்க முடியலீங்க" என்று அப்பா கேட்க, அக்கா என்னை அழைத்துக் கத்தினார். கணினியைத் திறந்து தேடினேன். பழைய பதிவு எங்கேயும் இல்லை. நகல் எடுத்து வைக்கும் புத்தியும் அன்றைக்கு எனக்கு இல்லை.

அக்காவிடம் என் எண்ணை வாங்கி ஆத்தூர்க்காரரே என்னைக் கூப்பிட்டார். "நான் பாத்தது இவங்க இல்லீங்க. அவங்க பக்கத்த அன்னைக்கே போன்ல எடுத்து வச்சிருக்கேன், அனுப்பட்டுங்களா?"

நேரில் இருந்திருந்தால் அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன். அவர் அனுப்பியதைப் பார்த்து மூத்தவளைத் திரும்பப் பதிந்தேன். ஆளுக்கொரு தொடர் எண்ணைச் சாவியாக்கி, அதை யாரும் திருத்த முடியாதபடி பூட்டினேன். பிறகு திருச்செங்கோட்டுக்கு அழைத்து மன்னிப்புக் கேட்டேன். நடந்ததையும் ஆத்தூரிலிருந்து வந்த படத்தையும் சொல்லி முடிப்பதற்குள், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மூத்த பெண்ணே அப்பாவிடமிருந்து போனை வாங்கிவிட்டாள்.

"அந்தப் படத்துல நானு பச்சைச் சேலை கட்டியிருக்கறனுங்களா?"

"ஆமாங்க."

"அத அவரு போன்லயே வச்சிருந்தாருங்களா?"

"ஆமாங்க."

அப்புறம் அவள் பக்கத்தில் இருந்த அப்பாவிடம் கேட்பது என் காதில் விழுந்தது:

"ஏப்பா, ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு வாராங்க?"