நெஞ்சுச் சூடு

"எங்க வீட்டுல இப்படித்தான் செய்வோம்" என்று சொல்லி ஸ்மைலின் சிஸ்டரிடம் யாரும் தப்ப முடியாது. நாகர்கோவில் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், குறைமாதக் குழந்தைகள் வார்டு அவள் ராஜ்ஜியம். எதற்கும் ஆதாரம் வேண்டும் அவளுக்கு. எடை கூடியதா, எந்த ஆய்வில் சொல்லியிருக்கிறது என்று கேட்டே புது டாக்டர்களையும் திணறடிப்பாள். பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைக்க வந்த தேங்காய்ப்பட்டணத்துக் குடும்பம் ஒன்றை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அந்தப் பிள்ளையின் வாப்பா நௌஷாத் மட்டும் போகாமல் நின்றான்.

துபாயில் ஏ.சி. மெக்கானிக். மகள் இருபத்தொன்பதாம் வாரத்திலேயே பிறந்துவிட, பத்து நாள் லீவில் ஓடி வந்திருந்தான். மனைவி சஃப்னாவுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல் விடவில்லை.

"தம்பி, சட்டையைக் கழத்துங்க" என்றாள் ஸ்மைலின்.

சுற்றிலும் பெண்கள். அவன் சட்டைப் பொத்தானை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "நானா சிஸ்டர்?"

"பின்ன நானா? பிள்ளைக்கு நெஞ்சுச் சூடு வேணும். உம்மா நெஞ்சானாலும் வாப்பா நெஞ்சானாலும் அதுக்கு ஒண்ணுதான்."

ஒன்றேகால் கிலோ உயிரைக் குழாய்களோடு எடுத்து அவன் வெறும் நெஞ்சில் கவிழ்த்து, மேலே துணி சுற்றினாள். பிறந்தபோது காதில் தொழுகை அழைப்பான பாங்கு சொல்ல வாய்க்கவில்லை, இப்போது சொல்லலாமா என்று கேட்டான். "மெதுவா. சத்தம் ஆவாது." அவன் மூச்சுக்காற்றாய்ச் சொல்லி முடிக்கும்வரை அவள் மானிட்டரையே பார்த்து நின்றாள். ஆக்சிஜன் எண் இறங்கவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையும் மாலையும் வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

ஏழாம் நாள் கேட்டான். "நாளைக்கழிச்சு ஃப்ளைட்டு. நான் போயிட்டா இவ என்னை மறந்திருவாளா சிஸ்டர்?"

இதற்கு ஆய்வு தேடி அவள் எங்கும் போக வேண்டியதில்லை. மகள் பிரிஜாவை ஐந்து மாதத்தில் தங்கை பேபியிடம் விட்டுவிட்டு குவைத்துக்குப் போனவள் அவள். ஆறு வருஷம் அங்கே ஊரார் பிள்ளைகளை ஊரார் நெஞ்சில் வைத்தாள். திரும்பி வந்து எட்டு வருஷம் ஆகிறது. பிரிஜா நல்ல பெண்தான், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஆனால் காய்ச்சல் என்றால் இரண்டு தெரு தாண்டி பேபி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வாள். கொதிக்கிற அந்தத் தலை ஒரே ஒரு முறை தன் மடியில் கிடக்காதா என்று ஸ்மைலின் ஏங்காத நாள் இல்லை.

"மறந்திரும் தம்பி. என் மோளு மறந்தா."

நௌஷாத் மகளின் முதுகை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். பிறகு, "சட்டைப் பையில போன் கெடக்கு. எடுத்துத் தருவியளா? எனக்கு ரெண்டு கையும் ஒழிவில்ல."

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, அவன் சொன்ன பெயரை அழுத்தி, காதோரம் பிடித்தாள். மானேஜரிடம் தாழ்ந்த குரலில் மலையாளத்தில் கெஞ்சினான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"பதினஞ்சு நாள் லீவு கூட்டித் தந்துட்டாரு சிஸ்டர்!" அவன் கண் நிறைந்துவிட்டது.

"அழாதீங்க. நெஞ்சு குலுங்குனா பிள்ளை முழிக்கும்" என்று அதட்டிவிட்டு, ஸ்மைலின் கை கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள். குவைத்தில் யாரும் அவளுக்கு லீவு இல்லை என்று சொன்னதில்லை. அவள்தான் கேட்கவே இல்லை.