இரவல் போகும் கிட்டார்

மனிதர்களின் மூக்கில் இவ்வளவு அழுக்கு இருக்கும் என்பது இருபத்தொரு வயதுவரை ஜபருல்லாவுக்குத் தெரியாது. லெபோ குயின் தெருவை ஒட்டிய மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துபோயிற்று. மூக்கின்மேல் உட்காரும் அந்த இரண்டு சின்னத் திண்டுகளுக்கு அடியில் பச்சையாக ஒன்று படியும். காதுக்குப் பின்னால் வளையும் கொக்கியில் மஞ்சளாக ஒன்று. "அண்ணே, கொஞ்சம் டைட் பண்ணிக் குடுங்க" என்று முகத்திலிருந்து கழற்றி நேராக அவர் உள்ளங்கையில் வைப்பார்கள். அது இன்னும் சூடாக இருக்கும். முப்பத்து மூன்று வருடமாகியும் அந்தச் சூடு அவருக்குப் பழகவில்லை.

லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துவது அவர் வேலை. யாரும் சொல்லித் தரவில்லை. கடைக்கு ஜப்பான் மெஷின் வந்தபோது உடைந்த லென்ஸ்களை வைத்துத் தானாகப் பழகிக்கொண்டார். ஓரம் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். பேஸ் கிட்டார் படித்ததும் அப்படித்தான். கேசட்டை நிறுத்தி நிறுத்தி, ஸ்பீக்கர் பெட்டியில் காதை ஒட்டவைத்து, பாட்டுக்கு அடியில் ஓடுகிற அந்தக் கனத்த சத்தத்தை மட்டும் பிரித்தெடுத்தார். ஒரு பாட்டுக்கு ஒரு மாதம் ஆகும். ஆனால் ஒரு சுரம்கூடத் தப்பாக இருக்காது.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை லோரோங் குலிட் பழைய சாமான் சந்தையில், ஓடாத மின்விசிறிக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவில் கிடந்த கறுப்பு பேஸ் கிட்டாரை வாங்கினார். அன்றைக்கே அது பழசு. எந்தக் கம்பெனி என்று சொல்லும் எழுத்துகள் உரிந்து போயிருந்தன. நான்காவது கம்பியை முறுக்கும் திருகு வேறு ஏதோ கிட்டாரிலிருந்து வந்தது. சத்தம் கூட்டும் குமிழைத் திருப்பினால் மணலை அரைப்பதுபோல் கரகரக்கும். இத்தனை வருடத்தில் அவர் கட்டை விரலை ஊன்றும் இடத்தில் பெயிண்ட் கரைந்து மரம் தெரிந்தது. அந்தப் பள்ளம் அவர் விரலின் அளவுக்கே விழுந்திருந்தது. கம்பிகளை ஆறு வருடமாக மாற்றவில்லை. புதுக்கம்பி பளபளவென்று கிணுகிணுக்கும். செத்த கம்பிதான் 'தும்' என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டு நிற்கும். அவருக்கு வேண்டியது அந்தத் 'தும்' மட்டும்.

மாதத்துக்கு இரண்டு கல்யாணத்தில் ஒரு மியூசிக் குரூப்போடு வாசிப்பார். ஆனால் கிட்டார் அதற்காக அல்ல. தினமும் கடை முடிந்து ஜெலுத்தோங் பிளாட்டுக்கு வந்ததும் கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அரை மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை வாசிப்பார். அப்புறம் பழைய பனியன் துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்துச் சுவரில் சாய்த்துவைப்பார். நாள் முழுக்க மற்றவர்களின் மூக்கையும் காதையும் துடைத்த கைக்கு, யாருடைய பிசுக்கும் படாத ஒரு சாமான் வேண்டியிருந்தது. அவர் கேட்டது அவ்வளவுதான்.

அது மட்டும் கிடைக்கவில்லை. காரணம், கிட்டார் மலிவானது. ஊரில் யாருக்கு பேஸ் கிட்டார் தேவைப்பட்டாலும் ஜபருல்லாவின் ஞாபகம் வந்தது. "அண்ணே, பிஞ்சாம் குடுங்கண்ணே, ரெண்டே நாள்." இரவலுக்கு அவர்கள் சொல்லும் அந்த மலாய் வார்த்தையைக் கேட்டாலே அவர் கண் சுவரோரக் கிட்டாருக்குப் போகும். ஆனால் வாய் என்னவோ, "பரவால்ல தம்பி, எடுத்துக்க" என்று சொல்லிவிடும்.

ஒரு முறை கிட்டார், கழுத்தின் பின்பக்கம் சூயிங்கம்மோடு வந்தது. அதில் பல் பதிந்த தடம் இருந்தது. இன்னொரு முறை ஒரு பஜனைக் குழுவினர் வாங்கிப் போனார்கள். இடையில் ஆயுத பூஜை வந்துவிட்டது. கிட்டாருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கொடுத்தனுப்பினார்கள். பூஜை செய்ததில் அவருக்கு வருத்தமில்லை, நல்லெண்ணத்தில் செய்தது. ஆனால் ஈரச் சந்தனம் திருகாணிகளின் பள்ளத்துக்குள் போய்க் காய்ந்து கல்லாகிவிட்டது. ஊசியை வைத்து இரண்டு நாள் தோண்டினார். ஆறு வருடத்துக்கு முன்னால் மூன்றாவதாக ஒருவர், நன்றிக்காகவாம், நான்கு கம்பியையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட்டுக் கொண்டுவந்தார். "எப்படிண்ணே, ஜிங்குன்னு இருக்குல்ல?" ஜிங் என்றுதான் இருந்தது. மறுபடி அவை சாவதற்குள் ஜபருல்லாவுக்கு உயிர் போய்விட்டது.

இதெல்லாம் எப்போதாவது நடந்தது. குகன் அப்படியல்ல, அவன் பருவமழை மாதிரி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை, முப்பத்தைந்து வயது, எந்தக் குரூப் கூப்பிட்டாலும் போவான். அவனுடைய கிட்டார் எப்போதும் ரிப்பேரில் இருக்கும். அப்படி ஒரு கிட்டார் இருக்கிறதா என்பதே ஜபருல்லாவுக்குச் சந்தேகம். வரும்போது வெறுங்கையாக வரமாட்டான், எண்ணெய் வடியும் கறிபாஃப் வாங்கி வருவான். அதைச் சாப்பிட்ட கையோடு கிட்டாரைத் தூக்குவான்.

"ஏங்க, ஒங்களுக்கு இல்லன்னு சொல்ல வராதா?" என்பாள் மனைவி ஷாஹிரா. "மூக்குல வெரல வச்ச ஆளு கை குடுத்தா, வீட்டுக்கு வந்து மூணு தடவ கழுவுறீங்க. அந்த ஆளுக்கே கிட்டாரயும் குடுக்கறீங்க."

"பழசுதானே புள்ள. பழசப் போயி இல்லன்னா என்ன நெனப்பான்?"

"அவன் எதையும் நெனக்கறது இல்ல. நீங்கதான் எல்லாத்தையும் நெனக்கறீங்க."

கடைசியில் ஜபருல்லா ஒரு யோசனை செய்தார். சிவப்பில் பளபளக்கும் புது பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கி, வாசல் கதவைத் திறந்தவுடன் கண்ணில் படும்படி ஸ்டாண்டில் நிறுத்தினார். கேட்பவர்களுக்கு அதைக் கொடுத்துவிடலாம், கறுப்பு தப்பிக்கும் என்பது திட்டம். முதலில் வந்தவன் குகன்.

"வாவ். செம்மயா இருக்குண்ணே!"

"எடுத்துக்கப்பா. இதயே கொண்டு போ."

குகன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "அய்யய்யோ, வேணாம்ணே! ஒரு கீறல் விழுந்தா ஒங்க மூஞ்சில முழிக்க முடியாது லா. அந்தக் கறுப்பே போதும். அது எப்படி ஆனாலும் ஒண்ணும் தெரியாது."

சுவரோரம் போய்க் கறுப்பை அவனே எடுத்துக்கொண்டான். படியில் இறங்கும்போது அது கைப்பிடிக் கம்பியில் இடித்த சத்தம் கேட்டது. ஜபருல்லா சிவப்பு கிட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கைரேகைகூட அதில் இல்லை.

ரெண்டே நாள் என்று போனது மூன்று வாரம் ஆகியும் வரவில்லை. மாலைகளில் சிவப்பை வாசித்துப் பார்த்தார். ஒவ்வொரு சுரமும் பாத்திரத்தைத் தட்டியதுபோல் கேட்டது. இரண்டு கல்யாணத்தில் அதையே வாசித்துத் தொலைத்தார். குகன் வாட்ஸ்அப்பில், "சாரிண்ணே, இந்த வாரம் கொஞ்சம் பிஸி" என்று அனுப்புவான். இவர், "பரவாயில்லை தம்பி" என்று பதில் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்துவைப்பார்.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை அவரோடு கடையில் வேலை செய்யும் வடிவம்மாளின் மகளுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் மத்தியானக் கல்யாண விருந்து. ஜபருல்லா மோட்டார் சைக்கிளில் தனியாகப் போனார். மண்டபத்துக்குள் நுழையும்போதே மேடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். கூட்டத்தின் இரைச்சலுக்கு அடியில் அந்தத் 'தும்' கேட்டது.

மேடையில் மெரூன் சேலை கட்டிய, இருபத்தெட்டு வயது இருக்கக்கூடிய ஒரு பெண் கறுப்பு கிட்டாரை மாட்டியிருந்தாள். கட்டை விரலைச் சரியாக அவருடைய பள்ளத்தில் ஊன்றியிருந்தாள். அதைப் பார்த்ததும், தன் பல் துலக்கும் பிரஷை இன்னொருவர் வாயில் பார்த்ததுபோல் இருந்தது. நெருங்கிப் போனபோது இன்னொன்றும் தெரிந்தது. கிட்டாரின் கழுத்தில், கம்பிகளுக்கு அடியில், கறுத்த மரத்தின்மேல் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். பள்ளிக்கூடத்தில் தப்பெழுத்தை அழிக்கும் லிக்விட் பேப்பர். சுரம் எங்கே இருக்கிறது என்று தெரிவதற்காக யாரோ அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

ஏறிப் பிடுங்கிவிடலாம் என்று இரண்டு படி ஏறினார். ஆனால் பாட்டின் நடுவில் பேஸை நிறுத்தினால் மற்ற எல்லாமே அந்தரத்தில் தொங்கும். அது அவருக்குத் தெரியும். முடியட்டும் என்று படியோரத்தில் நின்றார். பாட்டு முடியவில்லை. நிறுத்தாமல் அடுத்த பாட்டுக்குப் போய், அதிலிருந்து மூன்றாவதற்கும் போனார்கள்.

"அண்ணே, மாப்ள பொண்ணோட போட்டோவா? அந்தப் பக்கம் லைன்ல நில்லுங்க" என்று மாலைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார். அந்தக் கை ஈரமாக இருந்தது.

அந்தப் பெண் தப்பாக வாசித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவள் தப்பாக வாசிக்கவில்லை. மூன்றாவது பாட்டில் ஓர் இடத்தில் தேவையில்லாத சுரத்தைப் போடாமல் விட்டாள். அது மறந்து விட்டதல்ல, தெரிந்தே விட்டது. ஜபருல்லாவுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

ஒரு வழியாகப் பாட்டு நின்றது. சாப்பாட்டு நேரம் என்று அறிவித்தார்கள். அவர் மேடையேறினார்.

"இது யார் கிட்டார்மா?"

"குகன் அண்ணனோடது அங்கிள்." வேர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். "என் பேரு ரூபினி. நீங்களும் பேஸ் வாசிப்பீங்களா?"

"இது என்னோடது."

அவள் கண் விரிந்தது. "அலாமா! சத்தியமா தெரியாது அங்கிள். யாரும் இதத் திருப்பிக் கேக்க மாட்டாங்க, வச்சுப் பழகுன்னு சொன்னாரு."

"இந்தப் புள்ளி?"

"நாந்தான் வச்சேன். இத்தன வருஷம் கீபோர்ட், பேஸ் இப்பத்தான் கத்துக்கறேன், எடம் தெரியல." குரல் இறங்கியது. "சாரி அங்கிள். ஆனா ஒண்ணு சொல்லவா? இந்தச் சத்தம் எதுலயும் வரல. கடையில ஏழெட்டு கிட்டார் வாசிச்சுப் பாத்துட்டேன். அடுத்த சனிக்கெழம பட்டர்வொர்த்ல ஒரு ஷோ இருக்கு. அது வரைக்கும் மட்டும் குடுக்கறீங்களா? நானே வந்து வீட்ல குடுத்துர்றேன்."

பத்தொன்பது வருடத்தில் அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசிய முதல் ஆள் அவள்தான். 'பரவால்லமா' என்ற வார்த்தை அவர் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. எச்சில்போலத்தான் இருந்தது.

அதே நேரம் மேடையோரப் பந்தியிலிருந்து குகன் வந்தான். வலது கை விரல்களில் கேசரி நெய் மினுக்கியது. ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டே வந்தான்.

"அண்ணே! நீங்க எங்க இங்க? நல்லதாப் போச்சு, சாப்பாட்டுக்கப்புறம் உள்ள பாட்டு முடிஞ்சதும் நானே கொண்டாந்து..." என்று சொல்லிக்கொண்டே அந்தக் கையைக் கிட்டாரின் கழுத்தை நோக்கி நீட்டினான்.

"தொடாத!"

தன் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று ஜபருல்லா எதிர்பார்க்கவில்லை. பந்தியில் நாலைந்து பேர் திரும்பினார்கள். குகனின் கை காற்றில் நின்றது.

"இனிமே தரமாட்டேன்" என்றார். "ஒனக்கும் இல்ல. ஒனக்கும் இல்லம்மா. யாருக்கும் இல்ல." அவமரியாதை, சண்டை, ஊர்ப்பேச்சு எல்லாம் வரப்போகிறது என்று காத்திருந்தார்.

குகன் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். "சரிண்ணே."

"என்ன சரி?"

"தரமாட்டேன்னா சரி லா. எனக்கென்ன?" அவன் முகத்தில் கோபமே இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "நீங்க ஒரு தடவகூட வேணும்னு கேக்கலையேண்ணே. பரவால்ல, பரவால்லன்னே போட்டீங்க. ஒங்களுக்கு வேணாம் போலன்னு நெனச்சேன். முன்னாடியே சொல்லிருந்தா எங்கயாச்சும் பழசு ஒண்ணு வாங்கிருப்பேன்ல."

ரூபினி வயரைப் பிடுங்கி, வாரைத் தோளிலிருந்து கழற்றி, கிட்டாரின் கழுத்தை முந்தானையால் ஒரு தடவை அழுத்தித் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். "தேங்க்ஸ் அங்கிள். மிச்சப் பாட்டுக்குக் கீபோர்ட்ல சமாளிச்சுக்குவோம்."

"அண்ணே, சாப்ட்டீங்களா?" என்றான் குகன். "அவியல் சூப்பரா இருக்கு."

அவர் சாப்பிடவில்லை. வடிவம்மாளிடம் மொய்யைக் கொடுத்துவிட்டு, கிட்டாரை முதுகில் குறுக்காகக் கட்டிக்கொண்டு கிளம்பினார். உறை குகன் வீட்டில் எங்கேயோ கிடந்தது. பட்டர்வொர்த்தில் மோட்டார் சைக்கிளைப் பெர்ரிப் படகில் ஏற்றி நிறுத்திவிட்டு மேல்தளத்தில் உட்கார்ந்தார். கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டார். அதன் கழுத்து இன்னும் ஈரமாக இருந்தது. அந்தப் பெண்ணின் பவுடர் வாசனையும் ஏதோ எண்ணெயும் கலந்து அடித்தது.

இத்தனை வருடம் தன்னைச் சுற்றியிருந்த அத்தனை பேரின் கையையும் வாயையும் பார்த்து அவர் முகம் சுளித்திருக்கிறார். சூயிங்கம், சந்தனம், புதுக்கம்பி, கறிபாஃப் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 'பரவால்ல' இருந்தது. அதை யாரும் அவர் வாயில் திணிக்கவில்லை. ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் போதும். 'சரிண்ணே' என்று போயிருப்பார்கள். பத்தொன்பது வருடம்! அந்தக் குகனின் எச்சில் விரலைவிடத் தன் வாயின் இந்தப் 'பரவால்ல' அவருக்கு அதிகமாகக் குமட்டியது. எழுந்து கம்பியோரமாகப் போய்க் கடலில் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பிறகு கட்டை விரல் நகத்தால் முதல் வெள்ளைப் புள்ளியைச் சுரண்டினார். உரிந்து வந்தது. ஆனால் அடியில் மரம் கொஞ்சம் வெளுத்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த சீனக் கிழவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நகத்துக்கடியில் வெள்ளை மாவு சேர்ந்தது. அவர் இரண்டாவது புள்ளிக்குப் போனார். கரை வந்து, கீழே மோட்டார் சைக்கிள்கள் உறுமத் தொடங்கியபோது ஐந்து போயிருந்தன. இன்னும் ஏழு இருந்தன.